முறியாத காலுக்கு ஒரு கட்டு

காலை ஏழு பத்துக்குத் தாலிக்குப் பொன்னுருக்க நேரம் வைத்திருந்தார்கள்.

புத்தூரிலிருந்து கொழும்புத்துறைக்கு அதற்கு முன் போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் தட்டார் உமியைக் கொட்டிக் கரியை ஊதிக்கொண்டிருப்பார். ஆகவே விடிந்தும் விடியாததுமாகப் பெண்ணின் தகப்பன் நமசிவாயத்தின் வாசலில் வாடகைக் கார் வந்து உறுமிக்கொண்டு நின்றது. தாம்பாளங்கள் ஏறின. வாழைக்குலை ஏறியது. பக்கத்து வளவு மார்க்கண்டு ஏறி, யன்னலோரமாக நல்ல இடம் பார்த்து உட்கார்ந்தார்.

மார்கிரட் அந்த நேரம்தான் தெருக்கிணற்றில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு படலையைத் திறந்தாள்.

வளவுக்குள்ளேயே கிணறு இருக்கிறது. அவள் பிறந்து வளர்ந்த வீட்டுக் கிணறு. மிஷன் ஆசுப்பத்திரியில் தாதி வேலை படிக்கப் போய், ஞானஸ்நானம் எடுத்து, சிவக்கொழுந்து என்ற பெயரை மார்கிரட் என்று மாற்றிக்கொண்ட நாள் முதல் அந்தக் கிணறு அவளுக்கு இல்லை. தமையன் நமசிவாயத்தின் பெண்சாதி பராசக்தி நோயில் விழுந்திராவிட்டால் படலையும் இல்லை.

பராசக்தியின் இடது மார்பில் கிடந்த கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. வெட்டி எடுக்கும் காலம் கடந்த பிறகுதான் டொக்டரிடம் காட்டினார்கள். “இனி மாற்ற ஏலாது. வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அது உம்முடைய வேலை” என்று சொல்லி, ஊசியும் மோபியா வில்லைகளும் கொடுத்து, லீவும் கொடுத்து அவர் மார்கிரட்டை அனுப்பியிருந்தார்.

நோயாளியை வீட்டுக்குள் வைத்திருக்கவில்லை. பின்வளவில், புகையிலை உலர்த்தும் கொட்டிலில் கட்டில் போட்டிருந்தார்கள். நல்ல காற்றோட்டம் என்றார் நமசிவாயம். காற்றோட்டம் அல்ல. புண்ணின் மணத்தைப் புகையிலை மணம் மூடும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். கட்டிலில் கிடந்தவளுக்கும் தெரியும்.

சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியிருந்தது வேறு. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் பராசக்திக்குக் கால் முறிந்துவிட்டது. பரியாரி கட்டுப் போட்டிருக்கிறார். அசையக் கூடாது.

மார்கிரட் கொட்டிலுக்குள் போனாள். கட்டிலின் கீழே வைத்த தோல்பை இல்லை.

அடுத்த கணம் அவள் காருக்கு முன்னால் நின்றாள்.

“அண்ணை, என்ரை பை எங்கை?”

நமசிவாயம் சால்வையைச் சரிசெய்தார்.

“நல்ல முழுவியளம்!” என்று சகுனம் பார்த்தார் உள்ளே இருந்த மார்க்கண்டு. “நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்கை ஈரத் தலையோடை குறுக்கை வந்து நிக்கிறா.”

“குறுக்கை நிக்கிறது எனக்கும் விருப்பமில்லை. பையைத் தந்தால் விலத்துவன்.”

“பை பத்திரமாய் இருக்கு” என்றார் நமசிவாயம். “வந்து தாறன்.”

“வந்தோ? இரவு போட்ட ஊசி இப்ப விட்டிருக்கும், அண்ணை. மச்சாளாலை தாங்க ஏலாது.”

“எங்கடை அப்புவுக்கும் இப்பிடித்தான் ஒருத்தி ஊசி போட்டவள். விடியமுன்னம் ஆள் போட்டார்.”

“அப்பு ஊசியாலை போகேல்லை. நெருப்புக் காய்ச்சல் முத்திப் போனவர். ஊசி போட்டபடியால் அமைதியாய்ப் போனவர்.”

“அந்த அமைதி இண்டைக்கு எனக்கு வேண்டாம்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். மற்றவர்களுக்கு முன்னால் அவளை மிஸ்ஸி என்று அழைக்கிறவர். தனியே என்றால் எந்தப் பெயரும் சொல்வதில்லை.

“பொன் உருகட்டும். முதல் பொன் உருகினால் காரியம் தொடங்கின மாதிரி. பிறகு என்ன வந்தாலும் துடக்கு, தீட்டு இல்லை, கலியாணம் நிக்காது. அதுக்கு முன்னம் அவளுக்கு ஒண்டு நடந்தால் ஒரு மாதம் மூடிக்கொண்டு இருக்கவேணும். மாப்பிள்ளைக்கு மலாயாவுக்குக் கப்பல் காத்து நிக்குமோ?”

“அதுக்காக அந்த மனிசி கத்திக்கொண்டு கிடக்கிறதோ?”

“அவள் கத்தமாட்டாள்.”

அது உண்மை. அதுதான் மார்கிரட்டுக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதனுக்குத் தன் பெண்சாதியைப் பற்றி ஒன்று தெரிந்திருக்கிறது. அதைக்கொண்டு அவர் செய்யும் வேலை இது.

கார் புறப்பட்டது. அவருடைய இடுப்பில் பெட்டகத்துச் சாவி தொங்கியது. இந்த வீட்டில் பத்திரம் என்றால் பெட்டகம்தான்.

*

“கார் போட்டுதோ, கொழுந்து?”

பழைய பெயரால் அவளை அழைப்பதற்கு இந்த ஊரில் பராசக்தி ஒருத்திதான் இருந்தாள்.

“போட்டுது, மச்சாள்.”

“முழுவியளம் ஆர்?”

“நான்தான்.”

பராசக்தி சிரிக்கப் பார்த்தாள். “அப்ப காரியம் சரிவரும்.”

சிரிப்பு பாதியில் நின்றது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். கண்கள் கூரையில் தொங்கிய புகையிலைக் கொத்துகளில் நிலைகுத்தி நின்றன. இடது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கிக் கிடந்தது. குசினியில் பலகாரச் சட்டியில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது. இங்கே இவளுடைய மூச்சு.

புண்ணைக் கழுவ வேண்டிய நேரம். மார்கிரட் கோப்பையில் கொண்டிஸ் மருந்துத் தண்ணீரைக் கலந்து துணியை நனைத்தாள். பழைய கட்டு சதையோடு ஒட்டியிருந்தது. ஊசி போடாமல் அதை எடுப்பது உயிரோடு தோலை உரிப்பதற்குச் சமம். துணியைக் கட்டின் மேல் வைத்து நனைத்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை.

கட்டிலின் தலைமாட்டில், சுவரோடு, கமுகஞ் சிலாகைகள் நான்கு சாத்தியிருந்தன. புதிதாகச் சீவியவை. நேற்றே நமசிவாயம் கொண்டுவந்து வைத்தவை. எதற்கென்று அவர் சொல்லவில்லை. மார்கிரட் கேட்கவுமில்லை.

“கொழுந்து, ஆச்சியின்ரை கதையை நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?”

“டொக்டருக்கு மட்டும்.”

“அவர் என்ன சொன்னவர்?”

பராசக்தியின் தாய், அந்த ஆச்சியும், இதே நோயில்தான் போனாள். சூலை என்று சொல்லி மறைத்துவிட்டார்கள். மார்கிரட் அதைச் சொன்னபோது டொக்டர் தலை நிமிர்ந்து, “பொம்பிளைப் பிள்ளை இருக்கிறாவோ?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறாள் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.

“ஒண்டும் சொல்லேல்லை” என்றாள் மார்கிரட்.

பராசக்தியின் உடம்பு வில்லாக வளைந்தது. வலது கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. சத்தம் வரவில்லை. அவள் கத்தமாட்டாள்.

மார்கிரட் எழுந்தாள்.

*

குசினி வாசலில் நான்கைந்து பெண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் படியில் கால் வைத்ததும் அகப்பைகள் நின்றன.

“மிஸ்ஸி, உங்கை நில்லுங்கோ. என்ன வேணுமெண்டாலும் எடுத்துத் தாறம்.”

“பெட்டகத்துக்குள்ளை என்ரை பை கிடக்கு. எடுத்துத் தருவியளோ?”

எண்ணெயில் போட்ட பலகாரம் கருகும் மணம் வந்தது.

உள்ளேயிருந்து குணலட்சுமி வந்தாள். தலையில் எண்ணெய், முகத்தில் மஞ்சள். கலியாணப் பெண். பத்தொன்பது வயது. இந்த வீட்டில் மார்கிரட்டை மாமி என்று சொல்கிற ஒரே வாய் அவளுடையது.

“மாமி, அம்மா எப்பிடி இருக்கிறா?”

“வந்து பார்.”

“நான் வரக்கூடாதெல்லோ.”

“ஆர் சொன்னது?”

பெண் குழம்பினாள். “நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“நானோ?”

“ஐயா சொன்னவர். உது தொத்து வருத்தமாம். கலியாணப் பொம்பிளை கிட்டப் போனால் பிடிச்சிடுமாம். மிஸ்ஸி கண்டிப்பாய்ச் சொல்லிப்போட்டா எண்டு.”

மார்கிரட்டிடமிருந்து எடுத்தது பையை மட்டும் அல்ல. கிணறு போகட்டும். பெயர் போகட்டும். பத்து வருஷம் படுக்கைகளுக்கு நடுவே நடந்து சம்பாதித்தது ஒன்றே ஒன்று. இன்ன வருத்தம் இப்படி என்று அவள் சொன்னால் சனம் கேட்கும். அதை எடுத்து, தாய்க்கும் மகளுக்கும் நடுவே சுவராக வைத்துக் கட்டியிருக்கிறார்.

“உது தொத்தாது, பிள்ளை. நான் அப்பிடி ஒரு சொல்லும் சொல்லேல்லை. தொத்துமெண்டால் முதல் எனக்கெல்லோ தொத்தியிருக்கவேணும்?”

“அப்ப... அம்மா என்னைக் கேக்கிறவவோ?”

“ஒவ்வொரு நாளும்.”

குணலட்சுமி திரும்பி, அம்மியில் கிடந்த குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் அடி விழுந்தது. பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

“ஐயோ, பொன்னுருக்கிற நாளிலை என்ன வேலை பாக்கிறாய், குணம்!”

இரண்டாவது அடியில் குழவி நழுவியது. அந்தப் பெண் வளர்ந்த வளர்ப்பில் பூட்டு உடைக்கக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. மார்கிரட் செருப்பைக் கழற்றினாள். வாசற்படியைத் தாண்டினாள். ஒருத்தி, “மிஸ்ஸி, அங்கை சாமியறை” என்றாள்.

“தெரியும். நான் பிறந்ததும் அதுக்குப் பக்கத்து அறையிலைதான்” என்றாள் மார்கிரட். “தா, பிள்ளை, குழவியை.”

பூட்டு உடையவில்லை. பூட்டைத் தாங்கிய நாதாங்கி பழைய மரத்தோடு பெயர்ந்து வந்தது. பட்டுச் சேலையின் மேல், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில், தோல்பை இருந்தது. பத்திரமாக.

*

மகளைக் கண்டதும் பராசக்திக்குக் கோபம் வந்தது.

“உன்னை ஆர் இஞ்சை வரச் சொன்னது? தலையிலை எண்ணெயோடை... போ, போ!”

குணலட்சுமி போகவில்லை. கட்டிலருகே மண்ணில் உட்கார்ந்து, வீங்கிய கையில் முகத்தை வைத்தாள். பராசக்தி கொஞ்ச நேரம் ஏசினாள். பிறகு ஏச்சு தேய்ந்தது. வலது கை மகளின் பின்னலைத் தேடிப் பிடித்தது.

“பூ இப்பிடியோ வைக்கிறது? ஆர் உனக்குத் தலை இழுத்தது?”

“பெரியம்மா.”

“அவவுக்குக் கண் தெரியாது.”

மார்கிரட் ஸ்பிரிற் விளக்கைக் கொளுத்தினாள். கரண்டியில் தண்ணீரைக் காய்ச்சி, வில்லையைக் கரைத்து, ஊசியில் இழுத்தாள். பஞ்சை நனைத்துக்கொண்டு திரும்பினாள்.

பராசக்தி கையை இழுத்துக்கொண்டாள்.

“இப்ப வேண்டாம்.”

“என்ன, மச்சாள்?”

“கார் வரட்டும். பொன் உருகின செய்தி வரட்டும்.”

“அண்ணை சொன்னதை நீங்களும் சொல்லாதையுங்கோ. ஊசி போட்டால் உயிர் போகாது.”

“போனால்?”

மார்கிரட் வாய் திறக்குமுன் அவள் தொடர்ந்தாள். மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாக.

“அவரை ஏசாதை. பையை எடுக்கச் சொன்னது நான்தான். பை பக்கத்திலை கிடந்தால் நான் கேட்டுப்போடுவன். எனக்கு என்னைத் தெரியும்.”

காலையிலிருந்து மார்கிரட் சேர்த்து வைத்த கோபம் முழுவதும் ஒரு மனிதனின் பெயரில் இருந்தது. இப்போது அதைக் கொண்டுபோய் இறக்க இடமில்லை. தாங்கு என்று இந்த மனிசிக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை நினைக்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“மச்சாள், உங்களை இப்பிடிப் பாத்துக்கொண்டிருக்க நான் இந்த வேலை படிக்கேல்லை.”

“வலி என்ரை, கொழுந்து. அதை எப்ப விடுறதெண்டு நானெல்லோ சொல்லவேணும்?”

மார்கிரட் ஊசியைத் தட்டில் வைத்துச் சுத்தமான துணியால் மூடினாள். ஊசி இல்லாமல் செய்யக்கூடியது எதுவோ அதைச் செய்தாள். கட்டிலில் ஏறி, தன் நெஞ்சை நோயாளியின் முதுகுக்கு அணையாகக் கொடுத்தாள். வீங்கிய கையின் கீழே தலையணையை எப்படி வைப்பது என்று குணலட்சுமிக்குக் காட்டினாள்.

“உதட்டை நனை. குடிக்கக் குடுக்காதை, நனை. அவவோடை கதை. என்னத்தையாவது கதை.”

குணலட்சுமி கதைத்தாள். பந்தலுக்கு வந்த வாழை ஒன்று குலை தள்ளாதது. பெரியம்மா பயற்றம் பணியாரத்தைக் கருக்கியது. பராசக்தி கண்ணை மூடிக்கொண்டு, “ம்” என்றாள். “ம்.” சில இடங்களில் “ம்” வரவில்லை. மார்கிரட்டின் மணிக்கட்டில் நகங்கள் இறங்கின. அவள் கையை எடுக்கவில்லை.

கார் ஹோர்ன் சந்தியில் கேட்டது.

நமசிவாயம் பின்வளவுக்கு ஓடி வந்தார். பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். கொட்டில் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“உருகிட்டுது, பராசக்தி. நேரம் தப்பேல்லை. ஒரே உருண்டையாய் வந்தது. வெடிப்பில்லை, பிரியேல்லை. தட்டாரே சொன்னவர், இப்பிடி வாறது குறைவெண்டு.”

இடுப்பிலிருந்து சாவியை உருவி மார்கிரட்டிடம் நீட்டினார். அப்போதுதான் கட்டிலின் மறுபக்கம் மகள் இருப்பதைக் கண்டார்.

“சாவி தேவையில்லை, ஐயா” என்றாள் குணலட்சுமி. “பெட்டகத்தை உடைச்சாச்சு.”

அவர் மகளைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார்.

“இப்ப போடு, கொழுந்து” என்றாள் பராசக்தி.

*

மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் மார்கிரட் புண்ணைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்டாள். பராசக்தியின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. குணலட்சுமியைப் பெரியம்மா வந்து கையோடு இழுத்துக்கொண்டு போனாள். பந்தலுக்குக் கன்னிக்கால் நடும்போது பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

நமசிவாயம் இன்னும் வாசலிலேயே நின்றார்.

“அண்ணை, தொத்து வருத்தமெண்டு நான் சொன்னதாய் ஏன் சொன்னனீங்கள்?”

“நான் சொன்னால் அவள் கேளாள். நீ சொன்னதெண்டால் நம்புவாள்.”

இவ்வளவு வருஷத்தில் தமையன் அவளுக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் இப்படித்தான் கேட்கக் கிடைத்தது.

அவர் உள்ளே வந்து கமுகஞ் சிலாகைகளை எடுத்தார்.

“மாப்பிள்ளை வீட்டார் பின்னாலை மற்றக் காரிலை வருகினம். சம்பந்தியைப் பாக்காமல் போகமாட்டனெண்டு மாப்பிள்ளையின்ரை தாய் இரத்தினம்மா ஒற்றைக்காலிலை நிக்கிறா. ஒரு கட்டு வடிவாய்ப் போட்டுவிடு.”

“எதுக்கு?”

“காலுக்கு.”

“எந்தக் காலுக்கு?”

அவர் திகைத்தார். எந்தக் கால் என்று அவர்கள் யோசித்திருக்கவில்லை.

“எதெண்டாலும்” என்றார்.

மார்கிரட்டுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. “நான் போடமாட்டன். நெஞ்சு அழுகிக் கிடக்கிற மனிசிக்குக் காலிலை கட்டோ? அவவைக் கொட்டிலிலை போட்டியள். பெத்த பிள்ளையைக் காட்டாமல் வைச்சியள். இப்ப அவவின்ரை வருத்தத்தையும் அவவிட்டையிருந்து பறிக்கிறியளோ?”

“மெள்ளக் கதை.”

“ஏன் மெள்ளக் கதைக்கவேணும்?”

“கொழுந்து.” கட்டிலிலிருந்து குரல் மெதுவாக வந்தது, தூரத்திலிருந்து வருவதுபோல. “வலது காலிலை போடு. இடப்பக்கம் பாரம் வேண்டாம்.”

“மச்சாள்—”

“கலியாணத்துக்கு இன்னும் மூண்டு நாள்தானே. எனக்காகப் போடு.”

மார்கிரட் போட்டாள். சிலாகைகளைத் துணியால் சுற்றி, முழங்காலுக்குக் கீழே இருபுறமும் வைத்து, கணுக்காலில் எட்டுப்போல் திருப்பிக் கட்டினாள். நேராகவும் இறுக்கமில்லாமலும் கட்டினாள். அவளுடைய கைக்கு வேலையைக் கெடுக்கத் தெரியாது. கட்டி முடித்துப் பார்த்தபோது அது அசல் முறிவுக் கட்டாகவே இருந்தது. அவளுக்குத் தன் கையைப் பார்க்க மனமில்லை.

*

முன்வளவில் மேளம் அடித்தது. கன்னிக்காலாக முருக்கந் தடி நட்டாகிவிட்டது.

இரத்தினம்மா தனியே வந்தாள். கையில் பலகாரத் தட்டு. கனத்த உடம்பு, மெதுவான நடை. பின்னால் நமசிவாயம் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“இஞ்சை புகையிலை மணம், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது—”

“நான் பிறந்தது புகையிலைக்காரன் வீட்டிலை” என்றாள் இரத்தினம்மா. கொட்டில் வாசலில் ஒரு கணம் நின்றாள். மூக்கு ஒருமுறை விரிந்தது. உள்ளே வந்தாள்.

“நித்திரையாய்க் கிடக்கிறா. காலை அசைக்கக்கூடாதெண்டு பரியாரி—”

“காலைப் பாக்க நான் வரேல்லை. ஆளைப் பாக்க வந்தனான்.”

மார்கிரட் முக்காலியைத் தள்ளிக் கொடுத்தாள். இரத்தினம்மா உட்கார்ந்து பராசக்தியின் நெற்றியைத் தொட்டாள். பராசக்தி பாதிக் கண் திறந்து, “உருண்டையாய் வந்ததாமே” என்றாள்.

“ஓம். உம்மடை பிள்ளையின்ரை நல்ல காலம்.”

பராசக்தியின் முகம் மலர்ந்தது. கன காலத்துக்குப் பிறகு அவளுடைய உடம்பில் வலி இல்லை. சுகமாக ஒரு பெருமூச்சு விட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து படுத்த சிறு பெண்ணைப்போல, வலது காலை மடக்கி வயிற்றோடு இழுத்துக்கொண்டு ஒருபக்கமாகத் திரும்பினாள்.

சிலாகைகள் ஒன்றோடொன்று தட்டின.

நமசிவாயம் கண்ணை மூடிக்கொண்டார். மார்கிரட் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கை போட்ட ஊசியே தன் கை போட்ட கட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இரத்தினம்மாவும் மடங்கிய அந்தக் காலைப் பார்த்தாள்.

“தம்பி, நீர் போய்ப் பந்தலைப் பாரும்” என்றாள். “வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லை.”

அவர் போனார். போகாமல் என்ன செய்வார்?

இரத்தினம்மா போர்வையின் விளிம்பை இரண்டு விரலால் தூக்கினாள். வீங்கிய கையைக் கண்டாள். மார்பைச் சுற்றிய புதுக் கட்டையும், அதன் நடுவே இப்போதே ஊறத் தொடங்கிய கறையையும் கண்டாள். போர்வையை முன்பு இருந்ததைவிட நன்றாகக் கழுத்துவரை இழுத்து மூடினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. வாய் இறுகியிருந்தது.

“கால் முறிஞ்சதெண்டு சொன்னபோதே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது” என்றாள் மெதுவாக. “கால் முறிஞ்ச மனிசியை ஆரும் பின்வளவிலை போடுறேல்லை.”

மார்கிரட்டின் சேலையை எதுவோ பிடித்து இழுத்தது. குனிந்து பார்த்தாள். பராசக்தியின் வலது கை. கண் மூடியிருந்தது. பிடி நித்திரைக்காரியின் பிடி அல்ல.

“எனக்கு இருக்கிறது ஒரு பெடியன். பஞ்சலிங்கம். அவனுக்கு அந்தப் பிள்ளையிலை சரியான விருப்பம். எனக்கும் விருப்பம்தான்.” இரத்தினம்மா முக்காலியோடு கிட்ட நகர்ந்தாள். “இந்த வீட்டிலை இனி ஆர் என்ன சொன்னாலும் நான் நம்பமாட்டன். நீங்கள் வருத்தக்காரரோடை சீவிக்கிறனீங்கள். நீங்கள் சொன்னால் நம்புவன். சொல்லுங்கோ, மிஸ்ஸி, இது தாயிட்டையிருந்து பிள்ளைக்கு வாற வருத்தமோ?”